முழு எண்

நகரமைப்புப் பிரிவில் மூன்று மேசை,
இரண்டு மின்விசிறி.
சுற்றாத விசிறியின் கீழ்தான் இருக்கிறது
இரண்டாயிரத்து நாற்பத்தொன்று.
அதற்கு நான் பொறுப்பு,
தினக்கூலி அடிப்படையில்.

அன்றைக்குக் காரைக்குடியில் எத்தனை பேர் இருப்பார்கள்,
எத்தனை கதவு வேண்டும், எத்தனை குடம், எத்தனை சாக்கடை?
கேள்விகளைச் சென்னையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.
பதில்களை ஸ்கூட்டியில் போய் எடுத்துவர வேண்டும்.
பெட்ரோல் என்னுடையது.

கதவிலக்கம் பதினாலு.
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு.
"சாவி அறுபத்து மூணு. அறையை எண்ணினதில்லை"
என்றார் காவலுக்கு இருக்கும் சாத்தையா.
பங்காளிகள் பதினேழு பேர்.
ஒருவர் ஈப்போவில். ஒருவர் எங்கென்றே தெரியாது.
கையெழுத்துச் சேராததால் விற்கவும் முடியாது,
இடிக்கவும் முடியாது.
கல்யாணத்துக்குத் திறந்து
கல்யாணம் முடிந்ததும் பூட்டுவார்கள்.
எழுதினேன்: வீடு ஒன்று. குடியிருப்போர் இல்லை.
சாத்தையா வாசலுக்கு வெளியே கட்டிலில் படுக்கிறார்,
ஆகையால் அவர் கணக்கில் வரமாட்டார்.

அன்று மாலையே கழனிவாசல் பக்கம்,
ஆஸ்பெஸ்டாஸ் வரிசை.
ஒன்றரை அறை.
டைல்ஸ் ஒட்ட வந்த ஒடிசாப் பையன்கள் எட்டுப் பேர்.
நாலு பேர் தூங்க, நாலு பேர் வெளியே
செல்போன் பார்த்துக்கொண்டு முறைக்குக் காத்திருக்கிறார்கள்.
எழுதினேன்: வீடு ஒன்று.
அந்த ஒன்றும் இந்த ஒன்றும்
படிவத்தின் கண்ணுக்கு ஒரே உயரம்.

வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம்.
கண்மாய் உள்வாயில் கொடி நட்டுப்
பந்தலும் மோரும் வைத்திருக்கிறார்கள்.
'மாநகராட்சிக்கு மிக அருகில்.'
அருகில் என்றால் பதினொரு கிலோமீட்டர்.
போன ஐப்பசியில்
மனை எண் நாற்பதில் ஒரு நாரை நின்றது,
ஒற்றைக் காலில், முன்பணம் கட்டாமல்.
அந்த இடத்தை நான் நீலமாகவே விட்டேன்.
வெள்ளிக்கிழமை பார்த்தால்
யாரோ ஓரமாக மஞ்சள் தொடங்கியிருக்கிறார்கள்.

செஞ்சையில் சகாயராணி.
முறுக்குக் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிறவள்.
புருஷன், மாமியார், அவள்: மூன்று பேர்.
வயிற்றைக் காட்டி,
"ஏழரை மாசம்க்கா, இதையும் சேப்பீங்களா?"
படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.
பிறக்காதவர்களுக்காகவே அச்சடித்த படிவம்,
பிறக்காதவர்களுக்குக் கட்டம் இல்லை.

இரவுகளில் கூட்டினேன்.
என் வீட்டுக்காரர் மேலே நடக்கும் சத்தம் கேட்கும்.
தையிலிருந்து வாடகை இரண்டாயிரம் கூட,
இல்லாவிட்டால் சாவி.
பதினாறு வருஷம் தள்ளி இருக்கும் ஊருக்கெல்லாம்
வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
தை தெரியவில்லை.

வந்த விடை பதினேழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

உதவி இயக்குநர் அருணகிரி
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
பதினேழாயிரத்து நானூறு என்று திருத்தினார்.
"முழு எண்ணா இருந்தா பார்க்க நல்லா இருக்கும்."

"சார், பன்னிரண்டு."
"என்னம்மா பன்னிரண்டு?"
"வீடு, சார். குடும்பத்துக்கு மூணே முக்கால் பேர் சராசரி.
நாப்பத்தஞ்சு பேர்."
"மூணே முக்கால்னா? முக்கால் ஆளு எங்க இருக்கான்?"

செஞ்சையில் என்று சொல்ல வந்தேன்.
மூன்று பேரும், பத்துக்கு ஏழரையும்.
சொல்லவில்லை.
நின்றுகொண்டிருந்தேன்.
சுற்றுகிற விசிறி அவர் பக்கம் சுற்றியது.

"சரி, அடிக்குறிப்புல போட்டுக்க."

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தின் அடியில்,
கோட்டுக்குக் கீழே,
கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத எழுத்தில்
பன்னிரண்டு வீடு கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.
தண்ணீர் இணைப்பு இன்னும் கொடுக்கவில்லை.